பழைய லாரி எஞ்சினும் ஈயமில்லாத பெட்ரோலும்: எதை மாற்ற வேண்டும், எதைத் தொட வேண்டாம்

பழைய பெட்ரோல் லாரி ஒன்றை மீட்டெடுக்க இறங்குபவரை ஒரு கேள்வி விடாமல் துரத்தும். அந்த எஞ்சின் உருவான காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது, இன்றைய பெட்ரோலில் அது இல்லை. அப்படியானால் எஞ்சினை முழுக்கப் பிரித்து வேறு மாதிரி கட்ட வேண்டுமா? சிலர் "ஒன்றும் ஆகாது, அப்படியே ஓட்டுங்கள்" என்பார்கள். வேறு சிலர் ஹெட்டைக் (சிலிண்டர்களின் மேல்மூடியை) கழற்றி எல்லா வால்வையும் மாற்றாமல் சாவியைத் திருப்பவே கூடாது என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் பாதி உண்மை. ஈயம் இல்லாததால் எஞ்சினில் உண்மையாகவே அடி வாங்கும் இடம் ஒன்றுதான்: எரிந்த வாயுவை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு வந்து உட்காரும் வளையம். அதை வால்வு சீட் என்கிறோம். அந்த வளையத்தைக் கெட்டியாகவும் முடிந்தவரை சூடு குறைவாகவும் வைத்திருப்பதுதான் இந்த மொத்த வேலையும். பிஸ்டன், கிராங்க், கேம், பேரிங் எதற்கும் பெட்ரோலில் ஈயம் இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டே இல்லை.

டீசல் லாரி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. டீசலில் ஈயம் சேர்க்கும் வழக்கமே இருந்ததில்லை.

ஈயம் எதற்காக வந்தது

சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட பெட்ரோல்–காற்றுக் கலவை ஸ்பார்க் பிளக்கில் பற்றிச் சீராகப் பரவி எரிய வேண்டும். தரம் குறைந்த பெட்ரோலில், தீ போய்ச் சேருவதற்கு முன்பே மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடித்துவிடும். அப்போது எழும் உலோகச் சத்தத்தைத்தான் நாக்கிங் என்கிறோம். இது தொடர்ந்தால் பிஸ்டன் உடையும், கேஸ்கட் போகும். இதைத் தாங்கும் திறனைச் சொல்லும் எண்தான் ஆக்டேன். 1921 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் லெட் என்ற திரவத்தைச் சிறிதளவு கலந்தாலே நாக்கிங் அடங்கிவிடுவதைக் கண்டறிந்தார். 1923-இல் அது விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்களில் ஐந்து பேர் ஈய நச்சால் இறந்தார்கள். ஆபத்து அப்போதே தெரிந்திருந்தும் உலகம் அரை நூற்றாண்டுக்கு மேல் அதை எரித்துக்கொண்டிருந்தது.

1970-களின் நடுவில் அமெரிக்கக் கார்களில், புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. ஈயம் அதன் உள்பரப்பை மூடிப் பாழாக்கிவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோல் கட்டாயமானது. அமெரிக்காவில் சாலை வாகனங்களுக்கு 1996-இலும், பிரிட்டனிலும் இந்தியாவிலும் 2000-இலும் ஈயப் பெட்ரோல் விற்பனை முடிவுக்கு வந்தது. கடைசியாக 2021-இல் அல்ஜீரியாவும் நிறுத்தியது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஒரு நச்சு காற்றிலிருந்து விலகியது பெரிய நல்ல காரியம். பழைய லாரி மீது எவ்வளவு ஆசை இருந்தாலும் ஈயம் திரும்பி வர வேண்டும் என்று நினைக்கவே கூடாது. நாம்தான் எஞ்சினை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வால்வு சீட்டில் என்ன நடக்கிறது

நாக்கிங்கை அடக்கச் சேர்த்த ஈயம், யாரும் திட்டமிடாத இன்னொரு உதவியும் செய்தது. எரிந்த பிறகு அதன் கலவைகள் எக்ஸாஸ்ட் வால்வின் முகத்திலும் சீட்டிலும் மெல்லிய படலமாகப் படிந்தன. வால்வும் சீட்டும் உலோகத்தோடு உலோகமாக நேரே மோதாமல் அந்தப் படலம் நடுவில் நின்றது.

படலம் இல்லாமல் போனால் என்ன ஆகும்? 3000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 3000 சுற்று) வேகத்தில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பாரம் இழுக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வின் தலை 700 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடாகும். அந்தச் சூட்டில் இரண்டு வெற்று உலோகங்கள் அழுந்தும்போது, கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வால்வு மீண்டும் திறக்கையில் அந்த ஒட்டு பிய்ந்து, சீட்டிலிருந்து இரும்புத் துணுக்கைப் பிடுங்கிக்கொண்டு வருகிறது. துணுக்கு ஆக்சைடாகிக் கெட்டிப்பட்டு வால்வு முகத்தில் அப்படியே நிற்கிறது. அடுத்த அடியில் அதுவே அரம்போல சீட்டைத் தேய்க்கிறது. பழைய எஞ்சின்கள் பலவற்றில் சீட் என்பது தனிப் பாகம் அல்ல, ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே கடைந்தெடுத்த ஒரு சரிவு மட்டுமே. மென்மையான அந்த இரும்பு நாளடைவில் தேய, வால்வு உள்ளே உள்ளே இறங்கிக்கொண்டே போகும்.

அது இறங்க இறங்க, அதன் தண்டின் நுனி, வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் பக்கம் ஏறி வரும். இரண்டுக்கும் நடுவே விட்டிருக்கும் டேப்பெட் இடைவெளி குறையும். உதாரணமாக, இடைவெளி 0.4 மில்லிமீட்டர் என்று வைத்திருந்து, சீட் 0.4 மில்லிமீட்டர் தேய்ந்தால் இடைவெளியே மிஞ்சாது. அதற்கு மேல் வால்வு முழுதாக மூடாது. மூடாத வால்வுக்குச் சூடு வெளியேற வழி இருக்காது, ஏனென்றால் அதன் சூட்டில் பெரும்பகுதி சீட்டைத் தொடும் அந்தக் கணங்களில்தான் ஹெட்டுக்கும் கூலிங் தண்ணீருக்கும் போகிறது. இடுக்கு வழியே சீறும் தீ வால்வின் ஓரத்தைத் தின்னும். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) விழும். வண்டி ஏற்றத்தில் திணறத் தொடங்கும்போது அந்த வால்வு பெரும்பாலும் கருகியிருக்கும்.

இன்லெட் வால்வுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஒவ்வொரு சுழற்சியிலும் குளிர்ந்த கலவை அதன்மேல் பாய்வதால் அது அந்தச் சூட்டைத் தொடுவதில்லை. ஆகவே "எட்டு இன்லெட், எட்டு எக்ஸாஸ்ட், எல்லாவற்றுக்கும் புது சீட்" என்று பட்டறையில் சொன்னால் காரணம் கேளுங்கள். இன்லெட் சீட் தேய்ந்தோ விரிசல் விட்டோ இருந்தால் மட்டுமே அது தேவை.

லாரிக்கு இது ஏன் கூடுதல் கவலை

இந்தத் தேய்மானத்தைத் தீர்மானிப்பது வேகமும் பாரமும்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் பழைய கார் மெதுவாகப் போய் வந்தால், சீட் தேய்வதை உணரவே வருடங்கள் ஆகலாம். அதே எஞ்சினை லாரியில் வைத்து, பாரம் ஏற்றி, தாழ்ந்த கியரில் உயர்ந்த ஆர்பிஎம்மில் மணிக்கணக்கில் ஓட்டினால் நிலைமையே வேறு. லாரி எஞ்சின் முழுத் திறனுக்குப் பக்கத்திலேயே நெடுநேரம் வேலை செய்கிறது, எக்ஸாஸ்ட் வால்வுக்கு ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை.

ஆனால் லாரிகளுக்கு ஒரு சாதகமும் உண்டு. கன வேலைக்கென்று வடிவமைத்த எஞ்சின்கள் பலவற்றில், ஈயப் பெட்ரோல் காலத்திலேயே கெட்டியான உலோகத்தில் செய்த எக்ஸாஸ்ட் சீட் வளையத்தைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பினார்கள். ஃபோர்டின் பழைய ஃப்ளாட்ஹெட் வி8-இல்கூட அப்படித் தனி வளையங்கள் உண்டு. அப்படிப்பட்ட எஞ்சின் உங்கள் கையில் இருந்தால் வேலையில் பாதி ஏற்கெனவே முடிந்துவிட்டது. அலுமினிய ஹெட்டிலும் தனி வளையம் இருந்தே ஆக வேண்டும், அலுமினியம் வால்வின் அடியைத் தாங்காது. ஆனாலும் அந்த வளையம் எந்த உலோகம் என்பதை விசாரித்துக்கொள்ள வேண்டும். 1970-களின் தொடக்கம் முதல் சில அமெரிக்க எஞ்சின்களில் வார்ப்பிரும்புச் சீட்டையே மின்தூண்டலால் சூடேற்றிக் கெட்டியாக்கினார்கள். அது நன்றாக உழைக்கும். கெட்டியான அந்த அடுக்கு மெல்லியது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பலமுறை கிரைண்டிங் பார்த்த ஹெட்டில் அது எப்போதோ போயிருக்கலாம்.

உங்கள் எஞ்சினில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினம் அல்ல. ஹெட்டைக் கழற்றி, கார்பனை நீக்கி, எக்ஸாஸ்ட் சீட்டைச் சுற்றி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தனி வளையம் இருந்தால் அதற்கும் ஹெட்டுக்கும் நடுவே வட்டமாக ஒரு கோடு தெரியும். வால்வையும் ஒரு காந்தம் வைத்துச் சோதிக்கலாம். 21-4என் எனப்படும், 21 சதவீதக் குரோமியமும் 4 சதவீத நிக்கலும் கொண்ட எக்ஸாஸ்ட் வால்வு எஃகில் காந்தம் ஒட்டாது. தலையில் காந்தம் ஒட்டினால் அது பழைய சாதாரண எஃகாக இருக்க வாய்ப்பு அதிகம், மாற்றிவிடுங்கள்.

ஹெட்டைக் கழற்றும் எண்ணமே இல்லை, வண்டி நன்றாக ஓடுகிறது என்றால்? அப்போது அவசரப்படத் தேவையில்லை. பல வருடம் ஈயப் பெட்ரோலில் ஓடிய சீட்டில் பழைய படிவு கொஞ்ச காலம் பாதுகாப்புத் தரும். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை எஞ்சின் அதே சூட்டில் இருக்கும்போது ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகளால்) எக்ஸாஸ்ட் இடைவெளிகளை அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எண்கள் நகரவில்லை என்றால் ஹெட்டில் கை வைக்கக் காரணம் இல்லை. இன்லெட் அப்படியே இருந்து, எக்ஸாஸ்ட் மட்டும் தொடர்ந்து குறைந்து வந்தால் சீட் தேய்கிறது என்று அர்த்தம். ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள எஞ்சினில் இந்த அளவு கிடைக்காது, தேய்மானத்தை டேப்பெட்டே விழுங்கி மறைத்துவிடும். அங்கே கம்ப்ரெஷன் சோதனையும், ராக்கர் மூடியைத் திறந்து வால்வுத் தண்டுகளின் உயரத்தை ஒன்றோடொன்று ஒப்பிடுவதும்தான் வழி.

நடுவழியாக, பெட்ரோலில் கலக்கும் திரவங்களும் உண்டு. பொட்டாசியம், பாஸ்பரஸ், மாங்கனீஸ், சோடியம் ஆகியவற்றில் ஏதோ ஒன்றை அடிப்படையாகக் கொண்டவை அவை. அளவாகப் பயன்படுத்தினால் தேய்மானத்தைக் குறைக்கும். ஒரு வகையைத் தொடங்கினால் அதையே தொடருங்கள், இரண்டைக் கலக்காதீர்கள். எப்போதாவது ஓடும் வண்டிக்கு இது போதும். பாரம் இழுக்கும் லாரிக்கு, ஒவ்வொரு முறை டாங்க் நிரப்பும்போதும் பாட்டிலைத் தேடுவதைவிட ஒருமுறை ஹெட் வேலையை முடித்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

ஹெட் வேலை, அதன் வரிசைப்படி

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. ஈயப் பெட்ரோலில் ஓடிய எஞ்சினின் கம்பஷன் அறையிலும், எக்ஸாஸ்ட் வழியிலும், ஆயில் சம்ப் அடியில் படிந்த சகதியிலும் ஈயம் இருக்கும். காய்ந்த படிவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள், கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், சாப்பிடும் முன் கை கழுவுங்கள். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் அந்த உடையோடு உள்ளே போக வேண்டாம்.

முதல் வேலை விரிசல் பார்ப்பது. லாரி ஹெட்டில் இரண்டு வால்வுகளுக்கு நடுவிலும், எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் பிளக் துளைக்கும் நடுவிலும் விரிசல் வருவது சகஜம். வார்ப்பிரும்பு ஹெட்டைக் காந்தத் துகள் சோதனையும் அழுத்தச் சோதனையும் செய்து பார்க்காமல் சீட்டுக்குப் பணம் செலவழிக்கக் கூடாது.

அடுத்தது கைடு, அதாவது வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல். பலரும் சீட்டிலிருந்து தொடங்க நினைப்பார்கள், ஆனால் சீட் கடையும் கருவி கைடுக்குள் ஒரு தண்டை நுழைத்துத்தான் மையம் பிடிக்கிறது. கைடு தேய்ந்து ஆடினால் சீட்டும் கோணலாகத்தான் வரும். தேய்ந்த கைடில் வால்வு ஆடி, சீட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் மோதவும் செய்யும். அதனால் கைடை மாற்றியோ உள்ளே புது உறை போட்டோ சரிசெய்த பிறகே சீட் பக்கம் போக வேண்டும்.

அப்புறம் வளையம் பொருத்துவது. பழைய சீட் இருந்த இடத்தை வட்டமாக, தட்டையான அடியோடு குடைந்தெடுப்பார்கள். எவ்வளவு ஆழம் போகலாம் என்பது ஹெட்டைப் பொறுத்தது. சில ஹெட்டுகளில் சீட்டுக்கு அடியிலேயே தண்ணீர் ஓடும் அறை இருக்கும், சற்று அதிகம் குடைந்தால் ஓட்டை விழுந்து ஹெட்டே வீணாகும். அதே மாதிரி ஹெட்டில் முன்பு வேலை செய்த பட்டறையைத் தேடுவது இதனால்தான் முக்கியம். வளையம் துளையைவிடக் கொஞ்சம் பெரியதாக இருக்க வேண்டும். வார்ப்பிரும்பு ஹெட்டில் அந்த வித்தியாசம் பொதுவாக 0.1 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். வளையத்தை டிரை ஐஸிலோ திரவ நைட்ரஜனிலோ குளிர்வித்துச் சுருக்கி, ஹெட்டை மிதமாகச் சூடாக்கி, நேராக உள்ளே தட்டி இறக்குவார்கள். வெப்பநிலை சமமானதும் வளையம் விரிந்து இறுகிக்கொள்ளும்.

இந்த 0.1 மில்லிமீட்டரில்தான் வேலையின் உயிர் இருக்கிறது. பிடி தளர்ந்திருந்தால் வளையத்தின் சூடு ஹெட்டுக்குச் சரியாகக் கடக்காது. ஓடும்போது வளையம் கழன்று சிலிண்டருக்குள் விழவும் கூடும், விழுந்தால் பிஸ்டனும் ஹெட்டும் போகும். பிடி அதிகமானால் இரண்டு வால்வுகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய இரும்பு விரியும். வளையத்தின் உலோகத்துக்குக் கெட்டியான உலோகக் கலவை இரும்பு, பொடி உலோகத்தில் செய்த எஃகு, கோபால்ட்–குரோமியம் கலந்த ஸ்டெல்லைட் என்று பல தேர்வுகள் உண்டு. சாதாரண உழைப்புக்கு முதல் இரண்டுமே தாராளம். விலை கூடிய ஸ்டெல்லைட் வளையத்தைத் தளர்வாகப் பொருத்துவதைவிட, சாதாரண வளையத்தைச் சரியான பிடியில் பொருத்துவது எவ்வளவோ மேல்.

பிறகு சீட்டின் கோணம் வெட்ட வேண்டும். பெரும்பாலும் 45 டிகிரி, சில எஞ்சின்களில் 30. அதற்கு மேலும் கீழும் வேறு கோணங்களில் வெட்டி, வால்வு தொடும் பட்டையின் அகலத்தைக் கட்டுப்படுத்துவார்கள். எக்ஸாஸ்ட்டில் அந்தப் பட்டை 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். ரேஸ் எஞ்சின் ஆசையில் இதைக் குறுக்கினால் சூடு கடக்கும் பரப்பு குறைந்து, நாம் காப்பாற்ற நினைக்கும் வால்வையே கருக்கிவிடுவோம். நீலச் சாயம் தடவி, பட்டை வட்டம் முழுக்க அறுபடாமல் தொடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கன லாரி எஞ்சின்கள் சிலவற்றில் எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிவிடும் ரொட்டேட்டர் இருக்கும். மென்மையான சீட்டில் ஈயமும் இல்லையென்றால் அந்தச் சுழற்சியே தேய்மானத்தைக் கூட்டும். கெட்டியான வளையம் போட்ட பிறகு அது நல்லதே செய்யும், கழற்றிப் போட வேண்டாம்.

சீட்டைச் சூடாக்கும் மற்ற காரணங்கள்

கெட்டியான சீட் போட்டதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் தவறவிடும் பகுதி இது. ஹெட்டையும் பிளாக்கையும் ரசாயனத் தொட்டியில் போட்டு, தண்ணீர் அறைகளில் பல வருடமாக இறுகிய துருவையும் உப்பையும் எடுக்க வேண்டும். எக்ஸாஸ்ட் சீட்டின் பின்புறம் துரு அடைத்திருந்தால், எவ்வளவு நல்ல வளையம் போட்டாலும் அது வெந்துகொண்டே இருக்கும்.

ஆக்டேன் விஷயத்தில் பழைய லாரிக்காரர்கள் நிம்மதியாக இருக்கலாம். அந்த எஞ்சின்களின் கம்ப்ரெஷன் விகிதம் (கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற எண்) பெரும்பாலும் 6.5-க்கும் 8-க்கும் இடைப்பட்டது, இன்றைய சாதாரண பெட்ரோலே போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஹெட்டைச் சமப்படுத்த ஒவ்வொரு முறை சீவும்போதும் இந்த விகிதம் ஏறுகிறது. நிறைய சீவிய ஹெட் என்றால் கணக்குப் போட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் தடித்த கேஸ்கட் போடுங்கள். நாக்கிங் கேட்டால் இக்னிஷன் டைமிங்கைச் சில டிகிரி பின்தள்ளலாம், ஆனால் அளவோடு. டைமிங் அதிகம் பின்னால் போனால் எரிதல் தாமதமாகி, இன்னும் எரிந்துகொண்டிருக்கும் வாயு எக்ஸாஸ்ட் வால்வைக் கடந்து போகும். சூடு மறுபடி அதே சீட்டில் வந்து விழும்.

இன்றைய பெட்ரோலில் ஈயம் போன இடத்தில் பல நாடுகளில் எத்தனால் வந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாய், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம், கார்புரேட்டரின் கார்க் மிதவை ஆகியவற்றை அது உப்பவைக்கும் அல்லது கரைக்கும். எத்தனாலைத் தாங்கும் ரப்பரில் செய்தவற்றை மொத்தமாக மாற்றிவிடுங்கள். பழைய டாங்கின் துருவையும் பிசினையும் அது கிளப்பிவிடும் என்பதால், டாங்கைக் கழுவி நல்ல ஃபில்டர் ஒன்றும் போட வேண்டும். இன்னொரு மாற்றமும் இருக்கிறது. ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று போதும். 10 சதவீத எத்தனால் கலந்தால் அது 14.1-ஆகக் குறையும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பழைய ஜெட் வழியே அதே அளவுதான் வரும் என்பதால் கலவையில் எரிபொருள் பற்றாது. அப்படி வறண்ட கலவையோடு பாரம் இழுத்தாலும் எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாகும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒன்றிரண்டு அளவு பெரிதாக்குங்கள்.

எஞ்சினின் கீழ்ப்பாதியை அதன் தேய்மானத்தைப் பார்த்து வழக்கம்போல் கட்டினால் போதும், ஈயத்துக்காக அங்கே எதுவும் செய்ய வேண்டியதில்லை. தட்டை டேப்பெட் கேமுக்குத் துத்தநாகம்–பாஸ்பரஸ் கலந்த ஆயில் வேண்டும் என்று சொல்வது வேறு விஷயம். அது சரியான அறிவுரைதான், ஆனால் அதற்கும் ஈயத்துக்கும் சம்பந்தம் இல்லை.

கட்டி முடித்து முதலில் ஓட்டும்போது டேப்பெட் இடைவெளியைக் கையேட்டில் உள்ளபடி வையுங்கள். சத்தம் குறையட்டும் என்று எக்ஸாஸ்ட்டை இறுக்கிவிடாதீர்கள். முதல் சில நூறு கிலோமீட்டரில் புது சீட்டும் வால்வும் ஒன்றுக்கொன்று படிந்து இடைவெளி லேசாக மாறும், அது இயல்பு. ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்கச் சொல்லும் கேஸ்கட் என்றால் முதலில் அதைச் செய்துவிட்டு, பிறகு இடைவெளியைச் சரிசெய்து எழுதி வையுங்கள். அடுத்த முறை அளக்கும்போதும், அதற்கடுத்த முறையும் அதே எண்கள் வந்தால் பாரத்தை ஏற்றுங்கள்.